நெட் ரேட் என்ன? வெளிநாட்டுப் பயணத்தில் பணம் மாற்றும் செலவு

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிவகாசியைச் சுற்றியுள்ள சாலைகளில் பட்டாசுக் கடைகளின் பலகைகள் எழுந்துவிடும். 80 விழுக்காடு தள்ளுபடி, 85 விழுக்காடு, 90 விழுக்காடு என்று எழுத்து பெரிதாகிக்கொண்டே போகும். வெளியூர்க்காரர் 90 என்று எழுதிய கடையில் வண்டியை நிறுத்துவார். பக்கத்து ஆலங்குளத்துக்காரர் பலகையைப் பார்ப்பதே இல்லை. பெட்டியில் அச்சடித்த விலை என்ன, தள்ளுபடி எத்தனை என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. அவர் கேட்பது ஒன்றுதான்: "நெட் ரேட் என்ன?"

இப்படிக் கேட்கத் தெரிந்த ஊரிலிருந்துதான் என் சித்தி சிங்கப்பூருக்குப் போனார், மகளின் பிரசவத்துக்காக. இருபது வருஷத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் முப்பதாயிரம் ரூபாயைப் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டு போய், விமானம் ஏறும் இடத்திலிருந்த ஒரு கவுண்டரில் மாற்றினார். "கமிஷனே கிடையாதாம்ப்பா, நல்ல மனுஷங்க" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். கையில் கிடைத்தது 424 சிங்கப்பூர் டாலர். அன்றைய சந்தை விலைப்படி 460 டாலருக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். குறைந்த டாலரை ரூபாயாக்கினால் இரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டும். தீப்பெட்டி ஆபீசில் அது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. கமிஷன் வாங்கவில்லை என்பது உண்மைதான். கழிவு முழுவதும் மாற்று விலைக்குள் இருந்தது. சித்திக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டில் பணத்தைக் குறைந்த செலவில் எடுப்பதும் மாற்றுவதும் எப்படி என்ற கேள்வியை நம் வட்டாரத்திலிருந்து பார்க்க முயல்கிறது இந்தக் கட்டுரை. விருதுநகர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பல தரப்பினர். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய்மார்கள், கொழும்புக்கும் பாங்காக்குக்கும் சுற்றுலா போகும் குடும்பங்கள், உம்ரா போகும் முதியவர்கள், புதிய இயந்திரம் பார்க்க ஜெர்மனியின் ட்ரூபா கண்காட்சிக்குப் போகும் அச்சக முதலாளிகள். அச்சக முதலாளிக்கு வங்கி மேலாளர் தொலைபேசியில் விலை சொல்வார். முதல் முறை போகிற தாயிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் சிறிய தொகைக்குத்தான் பெரிய விழுக்காடு போகிறது. இது இன்று தொடங்கிய அநியாயம் அல்ல.

துண்டும் உண்டியலும்

1985 வரை விருதுநகர் வட்டாரம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த வருஷங்களில் இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஜனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள். வழிச்செலவை ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணமாகக் கொடுத்தார். தோட்டத்தில் கால் வைக்கும்போதே அது கடனாக நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதன் பெயர் துண்டு. புதிய துரை கட்டிய கடன் மறுபடியும் கூலியின் தலையில்தான் விழும். 1921ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். பயணத்துக்கான பணத்துக்கே ஒரு மனிதன் ஆயுள் முழுக்க விலை கொடுத்த காலம் அது.

அதே காலத்தில் கடல் கடந்து தொழில் செய்த வணிகருக்கு வேறு வழி இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் உண்டியல் என்ற பணச்சீட்டு முறை கொழும்பையும் இரங்கூனையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் காரைக்குடியோடு கட்டியிருந்தது. இங்கே பணத்தைக் கட்டிவிட்டுச் சீட்டோடு போனால் அங்கே அவர்கள் தொழில் நடத்தும் கிட்டங்கியில் பணம் கிடைக்கும். கடலில் நாணய மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நாணயம் மாற்றும்போது பிடிக்கும் கழிவுக்குப் பழைய தமிழ் வழக்கில் 'வட்டம்' என்று பெயர். வட்டம் எவ்வளவு என்று பேசி முடித்த பிறகே பணம் கைமாறும். கழிவு இருந்தது, ஆனால் அதற்கு ஒரு பெயர் இருந்தது, பேசித் தீர்க்க இடமும் இருந்தது.

பிறகு வங்கிகள் வந்தன. இந்தியன் வங்கி 1932ல் கொழும்பில் கிளை திறந்தது. அந்நியச் செலாவணித் தொழிலை மனதில் வைத்தே எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கினார். தென்தமிழ்நாட்டுக்காரனின் பயணத்தை அறிந்தவர் எடுத்த முடிவு அது.

அன்று நம் ரூபாய்க்கு இருந்த நடமாட்டமும் இன்று வியப்பைத் தரும். வளைகுடா நாடுகளில் கடைத்தெருப் பணமே இந்திய ரூபாய்தான். 1959ல் ரிசர்வ் வங்கி அந்த நாடுகளுக்கென்று தனியாக வளைகுடா ரூபாய் அச்சிட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் அங்கே அதை இன்னும் பயன்படுத்திவந்த நாடுகளில் பெரும்பாலானவை அதைக் கைவிட்டன. இன்று ஷார்ஜாவில் இறங்கும் நம்மூர்ப் பையன் திர்ஹத்துக்கு ரூபாய் மாற்று விலை என்ன என்று தேடுகிறான். அவன் தாத்தா காலத்தில் அந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லை.

எட்டு டாலரிலிருந்து இரண்டரை லட்சம் டாலர் வரை

விடுதலைக்குப் பின் டாலர் அருமையான சரக்காகிவிட்டது. 1947ல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1973ல் அது மேலும் இறுக்கப்பட்டது. அந்த நாட்களில் படிக்கப் போன மாணவர்கள் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். சட்டம் அனுமதித்த கைச்செலவு அவ்வளவுதான். மிச்சத்துக்குச் சொந்தக்காரர் வீட்டையோ கள்ளச் சந்தையையோ நம்ப வேண்டும். 1991 ஜூலையில் ஏறக்குறைய 47 டன் தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் அடகு வைக்கும் நிலைமைக்கு நாடு வந்தது. அதற்குப் பின்தான் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

1999ல் இயற்றிய அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டம் 2004 பிப்ரவரியில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரம்போடு தொடங்கியது. பல முறை ஏறி இறங்கி, 2015 முதல் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் என்று நிற்கிறது. நம்மில் பெரும்பாலோர் அந்த வரம்பின் ஓரத்தைக்கூடத் தொடப்போவதில்லை. இன்று டாலர் கிடைப்பது பிரச்சினை இல்லை, அது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே பிரச்சினை.

போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். 2023 நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்கள் விசா இல்லாமல் வர வழி விட்டன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது. பயணச்சீட்டை ஐந்நூறு ரூபாய் குறைவாக எடுக்க இரவெல்லாம் போனைத் தடவுகிற நாம், பணம் மாற்றுவதில் அதைப் போல ஐந்து மடங்கைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறோம்.

கழிவு எங்கே ஒளிந்திருக்கிறது

உலகச் சந்தையில் வங்கிகள் தங்களுக்குள் டாலரை வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளிதான் நடுவிலை. கைபேசியில் தேடினால் வருவது அதுதான். அந்த விலையில் நமக்கு யாரும் தரமாட்டார்கள். கடைக்காரர் விற்கும் விலை அதற்கு மேலே இருக்கும், நம்மிடம் வாங்கும் விலை கீழே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவர் பிழைப்பு. அவர் பிழைப்பு நடத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நோட்டை வரவழைக்கச் செலவு உண்டு, கடை வாடகை உண்டு, விலை சரியும் ஆபத்தும் உண்டு. அந்த இடைவெளி எவ்வளவு என்று பலகையில் எழுதாமல், "கமிஷன் இல்லை" என்று மட்டும் எழுதுவதுதான் தவறு.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். எண்களை எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன். நடுவிலை ஒரு டாலருக்கு 85 ரூபாய், நம் கையில் 50,000 ரூபாய். கழிவே இல்லாவிட்டால் 588 டாலர் கிடைக்க வேண்டும்.

நகரத்துக் கடை ஒன்று 86 ரூபாய்க்குத் தருகிறது. பணமாற்றுக்கு ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் வரையிலான தொகையில் ஒரு விழுக்காட்டைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 விழுக்காடு போடுவார்கள். ஐம்பதாயிரத்துக்கு அது 90 ரூபாய். குறைந்தபட்சம் 45 ரூபாய். கையில் கிடைப்பது 580 டாலர். அதே ஜிஎஸ்டியோடு 91 ரூபாய் கேட்கும் விமான நிலையக் கவுண்டரில் 548 டாலர்தான். இரண்டு இடத்திலும் கமிஷன் இல்லை. வித்தியாசம் 32 டாலர், இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்க்கும் மேல்.

இப்போது சாதாரண வங்கி டெபிட் கார்டு. பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவின்மேல் 3.5 விழுக்காடு வரை மாற்றுக் கட்டணம் பிடிக்கின்றன. அந்தக் கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13 விழுக்காடு ஆகிறது. கடையில் தேய்த்தால் 50,000 ரூபாய்க்கு 565 டாலர் பெறும் சரக்கு கிடைக்கும். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் நம் வங்கி 150 ரூபாயும் வரியும் பிடிப்பதாகவும், அந்த ஊர் வங்கி ஐந்து டாலர் பிடிப்பதாகவும் கொள்வோம். ஒரே தடவையில் மொத்தத்தையும் எடுத்தால் 558 டாலர். ஐந்து தடவையாகப் பிரித்து எடுத்தால் 530 டாலர். பணம் தொலையாமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவருக்குத்தான் நட்டம் அதிகம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஏடிஎம் கட்டணம் மட்டும் ஒரு முறைக்கு 200 பாட்டுக்கு மேல். ஆயிரம் பாட் எடுப்பவர் அதில் ஐந்தில் ஒரு பங்கை இயந்திரத்திடமே விட்டுவிட்டு வருகிறார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கண்ணி இருக்கிறது. கோலாலம்பூரிலோ பாரிசிலோ கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, இந்த ஊர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா? ரூபாய் என்றதும் நமக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். உடனே அதைத் தொட்டுவிடுவோம். தொட்டால் மாற்று விலையைத் தீர்மானிப்பது அந்தக் கடைக்குப் பின்னாலிருக்கும் நிறுவனம். அது பெரும்பாலும் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் விலையைவிட மோசமாகவே இருக்கும். அதோடு நம் வங்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடலாம். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தில்தான் கட்ட வேண்டும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

எந்த வழி யாருக்கு

கைநோட்டு இன்னும் தேவை. இறங்கியதும் பேருந்துக்கும் டாக்சிக்கும், சாலையோரச் சாப்பாட்டுக்கும், கோயில் அர்ச்சனைக்கும் நோட்டுதான். மாற்றும் இடத்துக்கு ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. உரிமம் இல்லாதவரிடம் மாற்றுவது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது. அபராதம் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே சிவகாசி, இராஜபாளையம், விருதுநகர், மதுரை என்று நாலு இடத்தில் விசாரித்துவிட்டால் விமான நிலையத்துக் கவுண்டரை நம்ப வேண்டியிருக்காது. ரொக்கமாகக் கொடுத்து 50,000 ரூபாய்க்குள் வாங்கலாம். அதற்கு மேல் என்றால் வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப்போகலாம், மீதியைக் கார்டில் ஏற்ற வேண்டும். ஹஜ், உம்ரா போகிறவர்கள் அனுமதிக்கப்பட்ட தொகை முழுவதையும் நோட்டாகவே எடுக்க விதியில் இடம் உண்டு.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் பயண அட்டை. ஏற்றிய நாளின் விலை நமக்கு உறுதியாகிவிடுகிறது. பத்து நாளுக்கு மேல் போகிறவருக்கும், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கும் இது நல்ல வழி. ஆனால் டாலர் ஏற்றிய கார்டைத் தாய்லாந்தில் தேய்த்தால் நாணயம் விட்டு நாணயம் மாறும் கட்டணம் தனியாக விழும். எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே கார்டில் ஏற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். மாற்றுக் கட்டணமே இல்லாத கார்டுகளும் இப்போது வருகின்றன. அவற்றிலும் ஏடிஎம் கட்டணம், ஆண்டுக் கட்டணம், மீதியைத் திருப்பும்போது போடும் விலை ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

கிரெடிட் கார்டு ஓட்டல் பில்லுக்கும் கடைக்கும் சரி. அதை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. எடுக்கும் கட்டணம் ஒரு பக்கம், எடுத்த நாளிலிருந்தே ஓடும் வட்டி இன்னொரு பக்கம்.

எந்தக் கார்டாக இருந்தாலும் கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2020 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் வங்கிச் செயலியிலோ கிளையிலோ திறந்துவிட வேண்டும். இது தெரியாமல் போய், கணக்கில் பணம் இருந்தும் அந்நிய ஊர்க் கடையில் தலைகுனிந்து நின்றவர்களை நான் அறிவேன். ஓடிபி வருகிற சிம் வெளிநாட்டில் வேலை செய்யுமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒரே பையில் எல்லாக் கார்டையும் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வைத்தால், ஒன்று தொலைந்தாலும் ஊர் திரும்பலாம்.

யுபிஐ இப்போது கடல் கடக்கத் தொடங்கியிருக்கிறது. பூட்டானில் 2021லும், இலங்கையிலும் மொரீஷியசிலும் 2024 பிப்ரவரி 12 அன்றும் யுபிஐ செலுத்தும் வசதி தொடங்கியது. பாரிஸ் ஐஃபெல் கோபுரத்தில் அதே மாதம் வந்தது. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் முறையோடு யுபிஐ இணைக்கப்பட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் தன் கைபேசியிலிருந்து தாயின் கணக்குக்கு உடனே பணம் அனுப்ப அது வழி செய்கிறது, தாயும் ஒரு வரம்புக்குள் மகளுக்கு அனுப்பலாம். ஆனால் யுபிஐ எல்லாக் கடையிலும் எடுபடும் என்று நினைத்து வெறுங்கையோடு போகக்கூடாது. செலுத்துவதற்கு முன் திரையில் ரூபாயில் எவ்வளவு என்று காட்டும். பொத்தானை அழுத்தும் முன்பே நெட் ரேட் கண்ணுக்குத் தெரிவது யுபிஐயின் பெரிய நன்மை.

ஊருக்கு ஊர் மாறும் கணக்கு

எல்லா நாட்டுக்கும் ஒரே வழி பொருந்தாது. இலங்கை ரூபாய், தாய் பாட் போன்றவற்றுக்கு நம்மூரில் வாங்குபவர் குறைவு. அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலம். அப்படிப்பட்ட ஊருக்குக் கொஞ்சம் டாலர் வாங்கிக்கொண்டு போய், அங்கே நகரத்துக்குள் மாற்றுவது பெரும்பாலும் லாபம். விமான நிலையத்தில் முதல் நாளுக்குத் தேவையானதை மட்டும் மாற்றினால் போதும். கிழியாத, கிறுக்கல் இல்லாத, மடிப்பு விழாத டாலர் நோட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். அழுக்கு நோட்டைச் சில நாடுகளில் குறைத்து மதிப்பிடுவார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவின் நிலைமை வேறு. சிராங்கூன் சாலையிலும், கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் பணம் மாற்றும் கடைகள் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கின்றன. போட்டி இருக்கும் இடத்தில் இடைவெளி சுருங்கும். இந்திய ரூபாய் நோட்டையே அங்கே மாற்றலாம். நாம் சட்டப்படி ஆளுக்கு 25,000 ரூபாய் வரை நம் நோட்டை வெளியே எடுத்துப்போகலாம் என்பதால், சிறிய தொகைக்கு இதுவும் ஒரு வழி. மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு நாலாவது கடையில் மாற்றுவது அங்கே யாருக்கும் தவறாகப் படாது.

விலை ஆடும் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 2022ல் இலங்கை நெருக்கடியின்போது ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. மொத்தத்தையும் முன்கூட்டியே இலங்கை ரூபாயாக மாற்றி வைத்திருந்தவர் இழந்தார், டாலராகவே வைத்திருந்தவர் தப்பினார். நம் நோட்டுக்கும் பாதிப்பு நேர்ந்திருக்கிறது. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்புக்குப் பிறகு வெளிநாட்டு உறவினர் வீடுகளில் கிடந்த ஐந்நூறும் ஆயிரமும் வெறும் தாளாகிப்போயின. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று நோட்டை வருஷக்கணக்கில் பெட்டிக்குள் வைப்பது சேமிப்பு ஆகாது.

மீதிப் பணத்தின் கணக்கையும் கிளம்பும் முன்பே போட வேண்டும். 86 ரூபாய்க்கு வாங்கிய டாலரைத் திரும்பி வந்து 83.50க்கு விற்றால் நூறு டாலருக்கு 250 ரூபாய் போகிறது. கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லும் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. சில்லறை நாணயத்தை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள், கடைசி நாளில் அதைச் செலவழித்துவிட வேண்டும். திரும்பி வந்த 180 நாளுக்குள் மீதி நோட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வரி என்ற பயம்

வெளிநாட்டுக்குப் பணம் என்றாலே இருபது விழுக்காடு வரி பிடிப்பார்கள் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. பாதி உண்மைதான். 2020 அக்டோபரில் மூலத்தில் வசூலிக்கும் வரி வந்தது, 2023 அக்டோபரில் அதன் விகிதம் பல வகைச் செலவுகளுக்கு இருபது விழுக்காடானது. ஆனால் நாமே திட்டமிட்டுப் போகும் பயணத்துக்கு, ஒரு நிதியாண்டில் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் அது பிடிக்கப்படும். அந்த வரம்பு முதலில் ஏழு லட்சமாக இருந்தது, 2025 ஏப்ரலில் பத்து லட்சமானது. ஒரு குடும்பச் சுற்றுலா அதற்குள் அடங்கிவிடும். பயண நிறுவனத்திடம் மொத்தமாகப் பேக்கேஜ் எடுத்தால் கணக்கு வேறு. அங்கே முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு, விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது. பணம் கட்டும் நாளில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிடித்த தொகை பான் எண்ணின் கணக்கில் ஏறிவிடும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியதில்லை என்றால் திரும்பப் பெறலாம். இது தெரியாமல் கணக்கே தாக்கல் செய்யாத முதியவர்கள்தான் தங்கள் பணத்தை விட்டுவிடுகிறார்கள். பயணம் முடிந்த கையோடு பிள்ளைகள் அவர்களுக்காக உட்கார்ந்து அதைச் செய்து கொடுக்க வேண்டும்.

பலகையை மாற்றுங்கள்

சுமை முழுவதையும் பயணியின் தலையில் ஏற்றிவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. விழிப்போடு இருங்கள் என்று சொல்வது எளிது. எழுபது வயதுத் தாய் விழுக்காட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு கவுண்டர் முன்னால் நிற்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2019ல் அது இயற்றிய விதியின்படி, 2020 ஏப்ரல் 19 முதல், கடையிலும் ஏடிஎம்மிலும் கார்டுக்கு நாணயம் மாற்றிக் கொடுப்பவர் தன் விலை ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விலையைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். கழிவு வாங்குவதை அது தடுக்கவில்லை, அதை ஒளிப்பதைத்தான் தடுத்தது.

நம் நாட்டிலும் அதற்கான பொருட்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கு எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் வேலைநாள்தோறும் குறிப்பு விலை வெளியிடுகிறது. சில்லறை வாடிக்கையாளருக்கும் வெளிப்படையான விலையில் டாலர் கிடைக்க வேண்டும் என்று 2019 ஆகஸ்டில் எஃப்எக்ஸ் ரீடெய்ல் என்ற தளம் திறக்கப்பட்டது. அது எல்லாரும் எட்டும் தூரத்துக்கு இன்னும் வரவில்லை. இன்றைய குறிப்பு விலை என்ன, எங்கள் விலை அதைவிட எத்தனை விழுக்காடு கூடுதல், பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் வரியெல்லாம் போகக் கையில் எவ்வளவு வரும் என்ற மூன்று வரியை உரிமம் பெற்ற ஒவ்வொரு கவுண்டரும் தமிழிலும் எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரவிட ரிசர்வ் வங்கிக்குப் புதுச் சட்டம் தேவைப்படாது. முதல் முறை பாஸ்போர்ட் வாங்குகிறவருக்கு, கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறப்பது எப்படி, எந்தப் பணத்தில் கட்டுவது என்று ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம். நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கிற சிவகாசிக்கு இது ஒரு நாள் வேலைகூட இல்லை.

அந்தப் பலகை வரும்வரை நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது. போன மாதம் சித்தி இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் கிளம்பினார். இந்தத் தடவை பத்து நாள் முன்னாலேயே சிவகாசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் பழைய கணக்கை அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் வந்தார். முதல் கவுண்டரில் இருந்த பையன், "கமிஷன் எதுவும் இல்லம்மா" என்று தொடங்கினான். சித்தி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். "அதெல்லாம் இருக்கட்டும்ய்யா. முப்பதாயிரம் தாரேன். வரியெல்லாம் போக என் கையில எத்தனை சிங்கப்பூர் வெள்ளி வைப்ப? அதை மட்டும் தாள்ல எழுதிக் குடு." அவன் எழுதிக் கொடுத்தான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தோம்.